தலகாணியப் பிரிச்சுக் காட்டிட்டு விக்கிற கடை: இறகு அலர்ஜிக்காரங்களுக்கு ஒரு ரிவ்யூ

பெருந்துறையிலிருந்து சென்னிமலை போற ரோட்டுல மெத்தை தைக்கிற கடை ஒண்ணு இருக்குதுங்க. கடைக்கு பேரெல்லாம் கிடையாது, போர்டுல "மெத்தை தலையணை தைத்துத் தரப்படும்"னு பெயிண்ட்ல எழுதியிருக்கும், அதுலயும் பாதி அழிஞ்சு போச்சு. இறகு அலர்ஜி, தூசி அலர்ஜி, காலைல எந்திரிச்சதும் வரிசையா தும்மல், ராத்திரியானா மூக்கடைப்பு, இப்படி இருக்கறவங்க தலகாணி வாங்கோணும்னா ஆன்லைன்ல துழாவாம நேரா இங்க போங்க. அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கறேன். மிச்சம் ஒண்ணு ஏன் குடுக்கலைன்னு பின்னாடி சொல்றேன்.

இறகு அலர்ஜின்னு சொன்னாவே நம்மூர்ல சிரிக்கறாங்க. "வாத்து இறகுத் தலகாணியெல்லாம் குளிர் தேசத்துக்காரன் வெச்சுப் படுக்கறது, உனக்கெங்கம்மணி அது வந்துச்சு"ன்னு எங்க பெரியம்மாவே கேட்டாங்க. தலகாணில மட்டும்தான் இறகு இருக்குதாங்க? பல்லடம் பக்கம் ஒரு நாளைக்கு வந்து பாருங்க, பிராய்லர் கூண்டு அடுக்கின வண்டி முன்னாடி போச்சுன்னா பின்னாடி வண்டில வர்றவங்க மேலெல்லாம் வெள்ளை வெள்ளையா துணுக்கு வந்து ஒட்டும், ஹெல்மெட் கண்ணாடிய மேல தூக்கி விட்டிருந்தா அவ்ளோதான். என்ற கொழுந்தனாரு பிராய்லர் ஷெட் போட்டிருக்கறாரு, கம்பெனிக்காரங்க குஞ்சும் தீவனமும் குடுப்பாங்க, நாம வளத்திக் குடுத்தா கிலோவுக்கு இவ்ளோன்னு வளர்ப்புக்கூலி வரும். கோழி புடிக்கிற அன்னைக்கு ராத்திரி அந்தப் பக்கம் போனா லைட்டு வெளிச்சத்துல தூசி மிதக்கறது கண்ணுக்கே தெரியும். அது போதாதுன்னு தோட்டத்துல மயிலு, தக்காளியும் கடலையும் தின்னது போக வேலி ஓரம் பூரா இறகு. தைப்பூசத்துக்கு பழனிக்கு நடந்து போறப்ப மயில் பீலி கட்டின காவடி பக்கத்துல வந்தா நான் துண்டுல மூக்க மூடிட்டு ரெண்டு தப்படி தள்ளித்தான் நடப்பேன், முருகன் கோவிச்சுக்க மாட்டாருன்னு ஒரு நம்பிக்கை.

கடைக்குப் போறதுக்கு முன்னால ஒரு விசயம் சொல்லியாகோணும், இது தெரியாம தலகாணி மாத்தி பிரயோஜனம் இல்ல. இறகு அலர்ஜின்னு நெனச்சுட்டு இருக்கற நெறைய பேருக்கு உண்மைல இருக்கறது படுக்கைல வாழ்ற தூசிப்பூச்சி அலர்ஜி. டஸ்ட் மைட்னு சொல்லுவாங்க, கண்ணுக்குத் தெரியாது, நம்ம மேல இருந்து உதிர்ற தோல் செதிலத் தின்னு வாழும், ஈரப்பதம் இருந்தா எச்சா பெருகும். தும்ம வெக்கறது முக்கியமா அதோட எச்சம்தான். கோயமுத்தூர்ல டாக்டர் எனக்கு கையில குத்திப் பாக்கற டெஸ்ட் எடுத்தாரு, முன்னங்கை உள்பக்கம் பேனாவுல நம்பர் எழுதி ஒவ்வொண்ணுலயும் ஒரு சொட்டு விட்டு சின்னதா ஒரு குத்து, கால் மணி நேரம் உக்காந்திருந்தா எது ஒத்துக்கலையோ அந்த எடத்துல மட்டும் கொசு கடிச்சாப்புல தடிச்சு வரும். அத அளவெடுக்கறாங்க, ஒண்ணும் கலக்காத சொட்டு விட்ட எடத்த விட 3 மில்லிமீட்டராவது பெருசா இருந்தாத்தான் கணக்கு. டெஸ்டுக்கு கொஞ்ச நாள் முன்னாலயே செட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரைய நிறுத்தச் சொல்லுவாங்க, இல்லன்னா ஒண்ணுமே தடிக்காது. எனக்கு ரெண்டும் தடிச்சுது, தூசிப்பூச்சிக்கு பெருசா, இறகுக்கு அதவிட கொஞ்சம் சின்னதா. ஆக எனக்கு தலகாணில இறகும் இருக்கக்கூடாது, பூச்சி குடியேறவும் கூடாது. இந்த ரெண்டாவது பாதிய எந்தக் கடைக்காரரும் யோசிக்கறதில்ல, "ஹைப்போ அலர்ஜெனிக்"னு, அதாவது அலர்ஜி கெளப்பறது கம்மின்னு, ஒரு ஸ்டிக்கர ஒட்டி விட்டர்றாங்க.

சரி, கடைக்கு வர்றேன்.

உள்ள போனா இடது பக்கம் பஞ்சு மூட்டை கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும், வலது பக்கம் ஒரு நீள மரப்பலகை, அதுலதான் அளந்து வெட்டி தைக்கிறது. கடைக்கார அண்ணனுக்கு அம்பது வயசுக்கு மேல இருக்கும், தைக்கிறது அவரு வீட்டுக்கார அக்கா. விசயத்தச் சொன்னேன், "அண்ணா எனக்கு இறகு சுத்தமா ஆகாது, உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சாத்தான் வாங்குவேன்." வேற கடையில இதச் சொன்னா "கேரண்டிங்க மேடம்"னு கவரத் தட்டிக் காட்டுவாங்க. இவரு ஒண்ணும் பேசல, ரெடியா தெச்சு வெச்சிருந்த தலகாணி ஒண்ண எடுத்து மூலைல பிளேடு வெச்சு நாலு தையல அறுத்தாரு, ரெண்டு வெரல உட்டு ஒரு கிள்ளு பஞ்ச உருவி பலகை மேல வெச்சாரு. "பாத்துக்குங்க அம்மணி." பெரட்டிப் பாத்தேன், ரெக்ரான்னு எல்லாரும் சொல்ற பாலியஸ்டர் பஞ்சு, வெள்ளையா வழுவழுன்னு, காம்பு மாதிரி எதுவும் குத்தல.

அதோட விடல, தீப்பெட்டி எடுத்தாரு. இதத்தான் எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்கோணும்னு எழுதறேன். பருத்திப் பஞ்ச கொளுத்தினா காயிதம் எரியற வாசம் வரும், பொடிச் சாம்பலா உதிரும். பாலியஸ்டர் சுருங்கி உருகி கடைசில கறுப்பா கெட்டியா ஒரு மணி நிக்கும், தொட்டா சூடு, ஆறின பொறவு நகத்துல தட்டினா டக்குங்கும். இறகுன்னா முடி கருகற வாடை, ஏன்னா முடி, இறகு ரெண்டும் கெராட்டின்ங்கற புரத வகைதான். இந்த மூணாவத அவரு சும்மா வாயில சொல்லல, யாரோ வெளிநாட்டுல இருந்து கொண்டாந்து பஞ்சு மாத்தக் குடுத்திருந்த பழைய தலகாணிய பிளாஸ்டிக் பையில கட்டி வெச்சிருந்தாரு, "நீங்க வாசப்படிக்கு அக்கட்டால நில்லுங்க"ன்னு என்னை வெளிய அனுப்பிட்டு ஒரே ஒரு இறகக் கொளுத்தினாரு. தெருவுல நின்ன எனக்கே அடிச்சுது. எனக்கு ஆகாதுன்னு சொன்னத மனசுல வெச்சு வெளிய நிக்க வெச்சாரு பாருங்க, மூணு ஸ்டார் அதுக்கே குடுத்துட்டேன்.

அடுத்தது இலவம்பஞ்சு. இதுல எனக்கும் அண்ணனுக்கும் ஒரு சின்ன வாக்குவாதம் ஓடுச்சு. நம்ம ஊர்ல அலர்ஜின்னு சொன்னா போதும், எல்லாரும் ஒரே குரல்ல "இலவம்பஞ்சு வாங்கு, இயற்கை, குளுகுளுன்னு இருக்கும்"பாங்க, அண்ணனும் அதையேதான் சொன்னாரு. இலவம்பஞ்சு நல்ல பஞ்சுதான், நான் கொறை சொல்லல. இழை உள்ள குழலா இருக்கும், மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு, தண்ணி சீக்கிரம் ஏறாது, அந்தக் காலத்துல கப்பல்ல உயிர் காக்கற ஜாக்கெட்டுக்கே அதத்தான் அடைச்சாங்க. படுத்தா சூடு ஏறாது, சித்திரை வெயிலுக்கு அதுக்கு ஈடு கிடையாது. ஆனா அதத் தொவைக்க முடியாதுங்க, தொவைச்சா கட்டி கட்டியா போயிரும். தொவைக்க முடியாத தலகாணில தூசிப்பூச்சி வருசக்கணக்கா குடும்பம் நடத்தும். அதுபோக இலவம்பஞ்சு இழை பொடிஞ்சு தூளாகும், அந்தத் தூளு துணி வழியா வெளிய வந்தா ஏற்கெனவே எரிச்சல்ல இருக்கற மூக்குக்கு அதுவே போதும். இலவு காத்த கிளிக்கு கடைசில பஞ்சுதான் கெடச்சுதாம், எனக்கு கிளியும் ஆகாது பஞ்சும் ஆகாதுன்னு சொன்னேன், அக்கா தையல நிறுத்திட்டு சிரிச்சாங்க. தூசி அலர்ஜி இல்லாதவங்க, இறகு மட்டும் ஆகாதவங்க, தாராளமா இலவம்பஞ்சு வாங்குங்க, இங்க சுத்தமா விதை நீக்கின பஞ்சாத்தான் போடறாங்க.

நான் வாங்கினது ரெக்ரான் பஞ்சு போட்டு தெச்ச தலகாணி நாலு. கவருக்கு நெருக்கமா நெய்ஞ்ச ட்ரில் துணி, அதுக்கு மேல முழுசா மூடற மாதிரி ஜிப் வெச்ச இன்னொரு உறை. இந்த நெருக்க நெசவு எதுக்குன்னா, ஒரு காலத்துல டாக்டருங்க இறகுத் தலகாணிய தூக்கிப் போட்டுட்டு சிந்தெடிக் வாங்கச் சொல்லிட்டு இருந்தாங்க, அப்புறம் ஆராய்ச்சில அளந்து பாத்தா சிந்தெடிக் தலகாணிலதான் பூச்சியோட எச்சம் எச்சா இருந்துச்சு. இறகு வெளிய குத்தாம இருக்க அந்தத் தலகாணி துணிய ரொம்ப நெருக்கமா நெய்வாங்க, அதனால உள்ள பூச்சி போறதும் கம்மி, வர்றதும் கம்மி. மலிவு சிந்தெடிக் தலகாணில துணி சல்லடை. ஆகவே உள்ள இருக்கற பஞ்சு பாதி, மேல இருக்கற துணி பாதி. அலர்ஜிக்குன்னே விக்கிற உறையில துணித் துளை 10 மைக்ரானுக்கு கீழ இருக்கோணும்னு பாப்பாங்க, அந்தளவு கணக்கெல்லாம் இந்தக் கடையில கிடையாது, ஆனா அண்ணன் துணிய டியூப்லைட்டுக்கு நேரா தூக்கிப் புடிச்சு வெளிச்சம் எவ்ளோ வருதுன்னு காட்டி, மூணு துணில எதுல கம்மியா வருதோ அதை என்னையே எடுத்துக்கச் சொன்னாரு. லேப் டெஸ்ட் இல்ல, ஆனா நேர்மையான டெஸ்ட்.

வெலை தலகாணிக்கு உறையோட சேத்து நானூறுக்குப் பக்கம் வந்துச்சு. சூப்பர் மார்க்கெட்ல இதவிட கொறச்சலா கெடைக்குது, அத அமுக்கினா உள்ள பஞ்ச விட காத்துதான் எச்சா இருக்கும். இங்க எவ்ளோ உயரம் வேணுமோ அவ்ளோ அடைச்சுத் தர்றாங்க, கழுத்து வலி இருக்குதுன்னு சொன்னேன், படுத்துப் பாக்கச் சொல்லி ஒரு பிடி பஞ்ச எடுத்துட்டாங்க. ஆன்லைன்ல இது நடக்குமா?

ஆன்லைன்லதான் வாங்குவேங்கறவங்களுக்கு ஒரு வார்த்தை, டவுன்னா (down) வாத்து மாதிரி பறவையோட மெத்துனு இருக்கற உள் இறகு, "டவுன் ஆல்டர்நேட்டிவ்"னு போட்டிருந்தா உள்ள பாலியஸ்டர், நமக்கு ஆகும். "டவுன் பிளெண்ட்", "ஃபெதர் அண்ட் டவுன்" இதெல்லாம் இறகு கலந்தது, தொடவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பொறவு பராமரிப்பு நம்ம கைலதான். உறைய வாரம் ஒருக்கா சுடுதண்ணில தொவைக்கறேன், மிஷின்ல 60 டிகிரி வெச்சுருவேன், பூச்சி சாகறதுக்கு 55 டிகிரிக்கு மேல வேணும். பச்சத் தண்ணில தொவைச்சா எச்சம் ஓரளவு போகும், பூச்சி முங்கிக் குளிச்சுட்டு திரும்பி வந்துக்கும். வெயில்ல போட்டா சரியாயிரும்னு எங்க அத்தை சொல்லுவாங்க, நம்ம ஊரு மாசி பங்குனி வெயிலுக்கு ஈரம் வத்தி பூச்சி கொறையும், அதுல சந்தேகம் இல்ல, ஆனா செத்த பூச்சியும் அதோட எச்சமும் துணிலயேதான் இருக்கும், அது தொவைச்சாத்தான் போகும். தலகாணியவே மாசத்துக்கு ஒருக்கா தொவைச்சுட்டு வர்றேன், ரெக்ரான் கொஞ்சம் ஓரமா ஒதுங்குது, நல்லாக் காய வெச்சு ரெண்டு பக்கமும் தட்டினா பழையபடி வந்துருது. காயறதுல அவசரப்படக்கூடாது, உள்ள ஈரம் நின்னா பூஞ்சை புடிக்கும், அது தனி அலர்ஜி. ஐப்பசி மழைல நான் தலகாணி தொவைக்கறதே இல்ல.

மெத்தைக்கு இங்க போகல. கட்டில் மெத்தைய எடுத்துட்டு பவானி ஜமக்காளமும் மேல சென்னிமலை பெட்ஷீட்டும் போட்டுப் படுக்கறேன், தொவைக்க லேசு, ஒதறினா முடிஞ்சுது. மொத தடவை சுடுதண்ணில போடறப்ப சாயம் போகும், தனியாப் போடுங்க, எங்க வீட்டுல ஒரு வெள்ளை வேட்டி இப்ப ரோஸ் கலர்ல இருக்குது.

இப்ப ஒரு ஸ்டார் கொறச்ச கதை. கடைக்குப் பின்னாடி பழைய பஞ்சு அடிக்கிற மிஷின் ஓடுது. ஊர்ல இருக்கற பழைய மெத்தை பூரா அங்க வந்து பிரிச்சு அடிச்சு திரும்ப அடைக்கறாங்க, அந்தத் தூசி கடை பூரா பறக்குது, நடுவுல ஒரு தடுப்புச் சாக்குத் துணி தொங்குது, அவ்ளோதான். அலர்ஜிக்காரங்க போற கடைல இது சரியில்ல, அண்ணன்கிட்ட நேராவே சொன்னேன், "பெரிய மனசு பண்ணி ஒரு கதவு போடுங்கண்ணா"ன்னு, "போட்டர்லாங்க"ன்னாரு, அடுத்த தடவை போறப்பவும் அதே சாக்குதான். மிஷின் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல நிக்கும், அப்பப் போங்க, மாஸ்க் போட்டுட்டுப் போங்க. ஆர்டர் குடுக்கறப்பவே "புதுப் பஞ்சு மட்டும், அடிச்ச பஞ்சு கலக்க வேண்டாம்"னு சொல்லி எழுதி வாங்கிக்குங்க. ஜிப்பும் சுமார்தான், ஒண்ணுல பல்லு வாயத் தொறந்துருச்சு, மாத்திக் குடுத்தாங்க. சொன்ன தேதிக்குக் கெடைக்காது, முகூர்த்த மாசமா இருந்தா கல்யாண மெத்தை ஆர்டர்ல நம்ம தலகாணி கடைசிக்குப் போயிரும்.

தலகாணி மாத்தின பொறவு என்ன மாற்றம்னு கேப்பீங்க. காலைத் தும்மல் நெம்பக் கொறஞ்சிருக்குது, மூக்குல அடிக்கிற ஸ்ப்ரேய டாக்டர் சொன்னபடி இன்னும் அடிச்சுட்டுத்தான் இருக்கேன், மாத்திரை போடற நாள் கொறஞ்சுது. தலகாணி ஒண்ணே எல்லாத்தையும் தீத்துருச்சுன்னு சொன்னா பொய். படுக்கைக்கு வெளிய இருக்கற இறகுக்கு தலகாணி என்ன பண்ணும்? கொழுந்தனாரு ஷெட்ல இருந்து வந்தா வாசல்லயே சட்டையக் கழட்டி வாளில போட்டுட்டு கை கால் கழுவிட்டுத்தான் உள்ள வரோணும்னு அத்தைய வெச்சு சட்டம் போட்டாச்சு. கோழி இறகு ஒட்டடைக் குச்சிய தூக்கிட்டு ஈரத்துணிக்கு மாறியாச்சு. பையன் ஷட்டில் ஆடறான், நல்ல ஷட்டில் காக்குல வாத்து இல்லன்னா கூஸ் இறகு 16 இருக்கும், வீட்டுக்குள்ள நைலான் மட்டும்தான், இறகு காக்கு பையோட வண்டி டிக்கிலயே கெடக்கும். போன தடவை ஒரு பெரிய ஹோட்டல்ல ரூம் போட்டப்ப தலகாணில இறகான்னு கேட்டதுக்கு "பிரீமியம் மேடம்"னு பெருமையா பதில் வந்துச்சு, ராத்திரி பத்து மணிக்கு மேல ஃபோம் தலகாணி தேடி அவங்க அலைய, நான் வராண்டால உக்காந்திருந்தேன். இப்ப ரூம் புக் பண்றப்பவே சொல்லிடறேன், ஊட்டிக்குப் போனா ஒரு தலகாணிய பையிலயே வெச்சுட்டுப் போயிடறேன். ஊட்டிக்கு வாங்கற குளிர் ஜாக்கெட்லயும் உள்ள லேபிளப் பாருங்க, பஃப்பி ஜாக்கெட்னா எல்லாத்துலயும் இறகுன்னு இல்ல, நெறையது பாலியஸ்டர்தான்.

முட்டை பத்தியும் கேப்பீங்க, நாமக்கல் பக்கத்துல வெச்சுட்டு இத விட முடியாது. பறவை இறகோட பழகிப் பழகி ஒத்துக்காமப் போன சில பெரியவங்களுக்கு, முட்டை மஞ்சக்கருவுல இருக்கற ஒரு புரதமும் ஒத்துக்காமப் போகலாம், ரெண்டுக்கும் புரதம் ஒத்துப் போகுது. நல்லா வெந்த முட்டைல அந்தச் சத்து கொறஞ்சுரும், அரைவேக்காட்டுலதான் தொந்தரவு எச்சு. எனக்கு அது இல்ல, ஆஃப்பாயில் இன்னும் ஓடுது. ஆனா ஆஃப்பாயில் சாப்புட்டா வாய் அரிக்குது, ஒதடு தடிக்குதுன்னா டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க.

தலகாணில நிக்காத விசயம் இன்னொண்ணும் இருக்குது. புறா வளக்கறவங்க, கோழி ஷெட்ல வேலை பாக்கறவங்களுக்கு தும்மலே இல்லாம, பறவைகிட்ட இருந்துட்டு வந்து நாலஞ்சு மணி நேரம் கழிச்சு காய்ச்சல், குளிரு, வறட்டு இருமல், மூச்சு வாங்கறது வந்தா அது இந்த அலர்ஜி கெடையாது, நுரையீரல் அழற்சி, பறவை எச்சத் தூசியும் இறகுத் தூளும் உள்ள போறதால வர்றது. கண்டுக்காம விட்டா நுரையீரல்ல தழும்பு விழுந்துரும். அதுக்கு நேரா நெஞ்சு டாக்டர்தான், மெத்தைக்கடை இல்ல. கொழுந்தனாருக்கு இருமல் இருந்துச்சுன்னு எக்ஸ்ரே எடுக்க வெச்சோம், நல்லவேளை பீடி இருமல்.

கடை ஞாயித்துக்கெழமை லீவு. பெருந்துறை பஸ் ஸ்டாண்டுல இருந்து டவுன் பஸ் இருக்குது, மெத்தைக்கடைன்னு சொன்னா கண்டக்டரே எறக்கி விட்டர்றாரு. கூகுள் பே வாங்கறாங்க, பில் கேட்டாத்தான் எழுதறாங்க, கேட்டு வாங்கிக்குங்க, ஜிப் மாத்தறப்ப எனக்கு அதான் உதவுச்சு. தீபாவளிக்கு வேணும்னா ஆவணிலயே சொல்லி வெச்சிருங்க. பஞ்சு மாத்தக் குடுக்கற எண்ணம் இருந்தா பழைய தலகாணிய வீட்டுலயே பாலித்தீன் பையில போட்டு வாயக் கட்டி எடுத்துட்டுப் போங்க, கார்ல பிரிக்காதீங்க.